கணக்கேடு கேட்ட பெயர்

சதுரங்க உலகம் விஸ்வநாதன் ஆனந்தை ‘விஷி’ என்று செல்லமாகக் கூப்பிடுகிறது. விஸ்வநாதன் அவருடைய தந்தையாரின் பெயர். வீட்டில் அவருக்கு வைத்த பெயர் ஆனந்த். கணிதமேதை ராமானுஜனின் தந்தை ஸ்ரீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். மேலைநாட்டு நூலகப் பட்டியல்களில் அந்தத் தந்தையின் பெயர் மகனுக்கு ‘முதற்பெயர்’ ஆகிவிட்டது, மகனின் பெயர் ‘குடும்பப்பெயர்’ ஆகிவிட்டது. 1983இல் நோபெல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் கதையும் இதுவே. வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு அவர் கண்ட உச்சவரம்பு இன்று ‘சந்திரசேகர் வரம்பு’ எனப்படுகிறது. நியூட்டன், ஐன்ஸ்டைன் வரிசையில் அது ஒரு குடும்பப்பெயராகவே உலகத்துக்குத் தோன்றுகிறது.

தலைமுறை தலைமுறையாக மாறாமல் இறங்கிவரும் பெயர் இந்த மூவரிடமும் இல்லை. உலகம் அதைக் கேட்டது. கையில் இருந்ததை எடுத்து அந்தக் கட்டத்தில் போட்டார்கள். உலகம் ஏன் அப்படிக் கேட்கிறது, எப்போதிலிருந்து கேட்கிறது, முதலில் கேட்டவர் யார் என்று பின்னோக்கிப் போனால் ஒரு செய்தி தெளிவாகிறது. குடும்பப்பெயரைக் குலத்தின் பழஞ்சொத்து என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் பெரும்பாலான நாடுகளில் அது குலம் தேடிவைத்த சொத்தாக வரவில்லை. வரி தண்டுபவரும், படைக்கு ஆள் எடுப்பவரும், நிலத்தைப் பதிபவரும் கேட்டதால் வந்தது.

ஊருக்குத் தேவைப்படாத பெயர்

ஒரு சிற்றூரில் ஒருவருக்கு ஒரு பெயர் போதும். அதே ஊரில் இரண்டு சாத்தன்கள் இருந்தால்தான் சிக்கல். அப்போது ஊர் நான்கு வழிகளில் அவர்களைப் பிரித்து அறியும்: எந்த இடத்தவர், யார் மகன், என்ன தொழில், ஆள் எப்படி இருப்பார். சங்கப் புலவர்களின் பெயர்களில் இந்த நான்கும் உண்டு. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்ற பெயரில் ஊர், சேரி, உடற்குறி, இயற்பெயர் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் என்னும் பெயர்கள் ஊரையும் தந்தையின் தொழிலையும் சொல்லிவிட்டே ஆளிடம் வருகின்றன.

இங்கிலாந்தின் குடும்பப்பெயர்களும் இதே நான்கு ஊற்றுகளிலிருந்து வந்தவைதான். ஹில், உட் என்பன இடம். ஸ்மித், பேக்கர், டெய்லர் என்பன தொழில். ஜான்சன் தந்தை பெயர். ஷார்ட், ஆம்ஸ்ட்ராங் உடல்வாகு. ஆக, அடைமொழி எங்கும் ஒன்றுபோலவே பிறக்கிறது. அது ஆளோடு முடிகிறதா, பிள்ளைக்கும் இறங்குகிறதா என்பதில்தான் வேறுபாடு. நக்கீரரின் மகன் ‘கணக்காயனார் மகனார்’ ஆகமுடியாது. ஆனால் கொல்லரான ஸ்மித்தின் மகன் தறியில் உட்கார்ந்து நெசவு செய்தாலும் ஸ்மித்தாகவே இருந்தான். அந்த நொடியில் அடைமொழி குடும்பப்பெயர் ஆனது.

இங்கிலாந்தில் இந்த மாற்றம் 1066ஆம் ஆண்டு நார்மானியர் படையெடுப்புக்குப் பிறகு மெல்ல நடந்தது. முதலில் பிரபுக்கள் தங்கள் பண்ணைகளின் பெயரைத் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டார்கள். பண்ணை மகனுக்குப் போகிறது என்றால் பெயரும் போகவேண்டும். உரிமை வழக்குகளில் அதுவே ஒரு சான்று. குடியானவர்களுக்கு அது வந்துசேர மேலும் முந்நூறு ஆண்டுகள் ஆயின. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் மன்னர் தலைவரி விதித்தபோது, ஊர் ஊராக ஆட்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் இட்டார்கள். அந்த மூன்றாவது வரிதான் 1381இன் உழவர் கிளர்ச்சிக்குத் தீ மூட்டியது. 1400 வாக்கில் ஆங்கிலேயரில் பெரும்பாலோர் குடும்பப்பெயர் கொண்டவர்களாகிவிட்டனர். 1538 முதல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுதவேண்டும் என்று தாமஸ் கிராம்வெல் ஆணையிட்ட பிறகு, எழுதிய பெயர் நழுவ வழியில்லாமல் போயிற்று.

பக்கத்து வேல்ஸ் நாட்டார் அப்போதும் தந்தை, பாட்டன், பூட்டன் என்று ‘அப்’ போட்டுக் கோத்துக்கொண்டே போனார்கள். இன்னார் மகன் என்பதற்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சட்டமும் நீதிமன்றமும் அங்கே நுழைந்ததும் அந்தச் சங்கிலி அறுந்தது. அப் ரைஸ் ‘பிரைஸ்’ ஆனார், அப் ஹவெல் ‘பவெல்’ ஆனார், அப் ஹாரி ‘பாரி’ ஆனார். புழக்கத்தில் இருந்த ஆண்பெயர்கள் சிலவே என்பதால் நாடு முழுவதும் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ் நிறைந்தார்கள். எழுத்தருக்கு வசதியாக வந்த பெயர் கடைசியில் ஆளைப் பிரித்துக் காட்டும் வேலையையே செய்யவில்லை.

சீனத்தின் முந்துகை

இந்த வேலையை எல்லோருக்கும் முன்பே தொடங்கியது சீனம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சின் நாட்டு அமைச்சர் ஷாங் யாங் வீடுகளைப் பதிவேட்டில் ஏற்றி, ஐந்தும் பத்துமாகக் குழுக்களாகப் பிணைத்து, வரிக்கும் படைச்சேவைக்கும் பொறுப்பாக்கினார். அதுவரை குடிப்பெயர் பிரபுக்களின் தனியுரிமை. ஒரே குடிப்பெயருக்குள் மணம் கூடாது என்ற விதியைக் காக்கவே அது பெரிதும் பயன்பட்டது. கி.மு. 221இல் சின் அரசு சீனத்தை ஒன்றாக்கி, பின்னர் ஹான் பேரரசு நிலைபெற்ற காலத்துக்குள் குடும்பப்பெயர் சாதாரணக் குடிகளிடமும் பரவிவிட்டது. சோங் ஆட்சியில் சிறுவர்கள் எழுத்துக் கற்கத் தொகுத்த குடும்பப்பெயர்ப் பாடநூலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பெயர்கள் வரிசையாக வருகின்றன. முதலில் நிற்கும் பெயர் ஜாவ். அது அந்நாள் பேரரசரின் குடும்பப்பெயர். பெயர்ப்பட்டியலை எழுதச் செய்த அதிகாரம் எது என்பதை அந்த வரிசையே காட்டிவிடுகிறது.

பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுத்த பெயர்கள்

பெயர் மெல்ல ஊறிவந்த நாடுகளைவிட, ஒரே ஆணையில் வந்திறங்கிய நாடுகள்தாம் உண்மையை வெளிச்சமாகக் காட்டுகின்றன. அவற்றில் முதலில் சொல்லவேண்டியது ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன்ஸ்.

அங்கே கிறித்தவரானவர்கள் தாங்கள் விரும்பிய புனிதர் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு வேறொன்று. ஊரில் பாதிப்பேர் ‘தெ லா குரூஸ்’, மீதிப்பேர் ‘தெ லோஸ் சாந்தோஸ்’. வரி ஏட்டில் யார் செலுத்தினார், யார் செலுத்தவில்லை, யார் ஊர் மாறிப் போனார் என்று தெரியவில்லை. கவர்னர் ஜெனரல் நார்சிசோ கிளாவெரியா 1849 நவம்பர் 21 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார். சுமார் அறுபதாயிரம் பெயர்கள் அடங்கிய அகரவரிசைப் பட்டியல் ஒன்று தயாரானது. ஸ்பானியக் குடும்பப்பெயர்களோடு நிற்காமல் செடி, விலங்கு, கனிமம், ஊர், கலை என்று கிடைத்த சொற்களையெல்லாம், உள்நாட்டு மொழிச் சொற்கள் உட்பட, அதில் சேர்த்திருந்தார்கள்.

விநியோகம்தான் விந்தை. பட்டியலின் பக்கங்கள் மாகாணங்களுக்குப் பிரிந்தன. மாகாணத்தார் ஊர்களுக்குப் பிரித்தார்கள். ஊர்த்தலைவர் முன்னிலையில் குடும்பத்தின் மூத்தவர் தம் பங்குக்கு வந்த தாளிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொண்டார். அகரவரிசைத் தாள் என்பதால் ஓர் ஊருக்கு ஓர் எழுத்து வாய்த்தது. அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் ஊரில் ‘ஆர்’ எழுத்துக் குடும்பங்கள் குவிந்தது இப்படித்தான். நான்கு தலைமுறையாக ஒரே பெயரைத் தாங்கியதாகக் காட்டியவர்களுக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் பழைய பெயரைப் பயன்படுத்தினால் தண்டனை. பள்ளியில் ஆசிரியர் பிள்ளைகளைப் புதிய பெயரால்தான் அழைக்கவேண்டும். புதிய பெயரில்லாத ஆவணத்தை அதிகாரி ஏற்கக்கூடாது.

அந்தப் பெயர்களை நிலைக்கவைத்தது இந்த இடைவிடாத வற்புறுத்தல். ஆனால் திணித்த பெயரையும் மக்கள் தங்கள் தேவைக்குப் பயன்படுத்தினார்கள். ஹோசே ரிசாலின் குடும்பத்துக்கு மெர்க்காதோ என்ற பெயர் முன்பே உண்டு. 1849 ஆணைக்குப் பிறகு சேர்ந்தது ரிசால். அண்ணன் பாசியானோ, மரண தண்டனைக்கு உள்ளான பாதிரியார் புர்கோசுக்கு நெருக்கமானவர் என்று அரசின் கண்ணில் பட்டிருந்தார். அதனால் 1872இல் தம்பி மணிலாவின் பள்ளியில் சேர்ந்தபோது மெர்க்காதோவை விட்டு ரிசால் என்று பதிந்தார். குடிகளை எளிதாக அடையாளம் காண அரசு கொண்டுவந்த பெயர், அரசின் பார்வையிலிருந்து ஒரு சிறுவனை மறைத்தது. பிற்பாடு பிலிப்பைன்ஸ் தேசியத்தின் பெயராகவும் அதுவே ஆனது.

படை, குடியரசு, முடியரசு

தோக்குகாவா காலத்து ஜப்பானில் குடும்பப்பெயரை வெளிப்படையாகச் சொல்வது சாமுராய்களின் சலுகை. வாள் தரிக்கும் உரிமையும் அதோடு சேர்ந்தது. உழவரும் வணிகரும் உள்ளுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாலும் ஏட்டில் எழுதமுடியாது. மெய்ஜி அரசு 1870இல் எல்லோரும் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றது. வரி கூடிவிடுமோ என்ற ஐயத்தில் பலர் அசையவில்லை. 1873இல் கட்டாயப் படைச்சேவை வந்தது. ஆளைத் தேடிப் பிடிக்கப் பெயர் வேண்டும் என்று படைத்துறை வற்புறுத்த, 1875 பிப்ரவரியில் ‘வைக்கலாம்’ என்பது ‘வைத்தே ஆகவேண்டும்’ என்று மாறியது. அதுவரை சிலருக்குப் பெருமையாக இருந்தது எல்லோருக்கும் கடமையானது.

துருக்கிக் குடியரசின் குடும்பப்பெயர்ச் சட்டம் 1934 ஜூன் 21 அன்று நிறைவேறியது. அதற்கு வரியும் படையும் மட்டும் நோக்கமல்ல. பாஷா, பே, எஃபெந்தி முதலிய பட்டங்களை அதே ஆண்டு இன்னொரு சட்டம் ஒழித்தது. முஸ்தபா கெமாலுக்கு நாடாளுமன்றம் ‘அத்தாதுர்க்’ என்ற பெயரை வழங்கி, வேறு எவரும் அதைத் தாங்கக்கூடாது என்று தனிச்சட்டம் செய்தது. அவருடைய தோழர் இஸ்மெத், தாம் வென்ற போர்க்களத்தின் பெயரால் இனோனு ஆனார். ஆனால் அந்தச் சட்டம் குலப்பெயர்களையும் அயல் இனப்பெயர்களையும் விலக்கியது. தொடர்ந்து வந்த விதிகள் ‘யான்’, ‘ஆஃப்’, ‘புலோஸ்’ போன்ற ஈறுகளைத் தடுத்தன. ஆர்மீனியர், கிரேக்கர், சர்க்காசியர், குர்துகள் தங்கள் வேரைப் பெயரில் காட்ட வழியின்றிப் போனது. எல்லோருக்கும் பெயர் தந்த சட்டம் சிலரிடமிருந்து பெயரைப் பறிக்கவும் செய்தது.

சியாம் மன்னர் வஜிராவுத் 1913இல் குடும்பப்பெயர்ச் சட்டம் கொண்டுவந்து, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைத் தாமே உருவாக்கிக் குடும்பங்களுக்கு அளித்தார். கொரியாவில் 1940இல் ஜப்பானிய ஆட்சி ஜப்பானியப் பாணிக் குடும்பப்பெயர்களைத் திணித்தது. பெரும்பான்மைக் குடும்பங்கள் பதிந்துகொண்டன. விடுதலைக்குப் பின் பழைய பெயர்கள் திரும்பின. மங்கோலியாவில் பொதுவுடைமை அரசு 1920களில் குலப்பெயர்களையே தடைசெய்தது. ஆட்சி மாறியபின் குலப்பெயர் மீண்டும் வேண்டும் என்று வந்தபோது, நினைவில் எதுவும் எஞ்சாத பலர் செங்கிஸ்கானின் குலமான ‘போர்ஜிகின்’ என்பதை எடுத்துக்கொண்டார்கள். விண்வெளி சென்ற முதல் மங்கோலியரான குர்ரக்சா, அண்டவெளி என்று பொருள்படும் ‘சான்சார்’ என்பதைத் தம் குலப்பெயராக வைத்துக்கொண்டார். அறுபது எழுபது ஆண்டு இடைவெளியில் ஒரு குலநினைவு முற்றிலும் அழிந்துபோகும் என்பதும், அதன் இடத்தில் புதியது ஒன்றை நட்டுவிடலாம் என்பதும் இதில் தெரிகின்றன.

தமிழகத்தில் ஏன் வரவில்லை?

தமிழகத்தில் அரசுக்கு ஏட்டுப்பழக்கம் குறைவில்லை. நிலத்தை அளந்து வரியை வரையறுத்த சோழர்கள் ஆயிரக்கணக்கான பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களில் ஊர், தந்தை பெயர், இயற்பெயர், பட்டம் எல்லாம் உண்டு. ஆனால் அவற்றில் எதுவும் தலைமுறை கடந்து உறையவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த படைத்தலைவர் கிருஷ்ணன் இராமன், ராஜராஜன் காலத்தில் மும்முடிச்சோழ பிரமமாராயன். அவர் மகன் அருண்மொழி, ராஜேந்திரன் காலத்தில் உத்தமசோழ பிரமமாராயன். பட்டத்தின் முன்பகுதி தந்தையைப் பின்பற்றவில்லை, அரசனைப் பின்பற்றியது. பெயர் இறங்கும் பாதை குடும்பத்துக்கு வெளியே, அரசவை வழியாக ஓடியது.

குலநினைவு இல்லாமலும் இல்லை. பெரியபுராணம் பாடிய அருண்மொழித்தேவர் குன்றத்தூர்ச் சேக்கிழார் குடியில் பிறந்ததால் அக்குடிப்பெயராலேயே அறியப்படுகிறார். கொங்கு வேளாளருக்குக் கூட்டங்கள், நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள், மறவருக்குக் கிளைகள், பிராமணருக்குக் கோத்திரங்கள் இன்றும் உண்டு. ஆனால் இவை பெண் கொடுக்கல் வாங்கலில் வாயால் கேட்டு வாயால் சொல்பவை. யாருக்கு யார் பங்காளி, யாருக்கு யார் மாமன் மச்சான் என்று தெரிந்தால் போதும். அதைப் பெயரின் வாலில் ஒட்டித் திரிய வேண்டியதில்லை.

குடும்பப்பெயரின் வேலையை எழுத்தில் செய்யவேண்டிய தேவை ஒரு கூட்டத்தாருக்கு வந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்த நகரத்தாருக்குக் கடன்பத்திரத்தில் நம்பிக்கை முக்கியம். அவர்கள் முப்பாட்டன், பாட்டன், தந்தை பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாகக் கோத்து ‘விலாசம்’ ஆக்கினார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலை செட்டியாரின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘எஸ்.ஆர்எம்.எம்.’ அப்படிப்பட்டது: சாத்தப்பன், ராமநாதன், முத்தையா. ‘ஆர்எம்’ என்று இரண்டெழுத்து சேர்ந்து நிற்பது, ‘ஆர்’ தொடங்கும் வேறு பெயர்களிலிருந்து ராமநாதனைப் பிரித்துக் காட்டத்தான். ரங்கூனில் ஒரு கடையின் விலாசத்தைக் கேட்டதுமே அதன் பின்னால் நிற்கும் சொத்தும் நாணயமும் தெரிந்துவிடும்.

மற்றத் தமிழர்களுக்கு ஆங்கிலேயர் கால அலுவலகமும் பள்ளியும் ‘இனிஷியல்’ தந்தன. ஊர், தந்தை என்ற பழைய வரிசை ஓரெழுத்து ஈரெழுத்தாகச் சுருங்கியது. உத்தமதானபுரமும் வேங்கடசுப்பையரும் உ.வே. ஆக, சாமிநாதையர் உ.வே.சா. ஆனார். அண்ணாதுரையின் ‘சி’ காஞ்சிபுரத்தின் அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்து வந்தது, ‘என்’ நடராசன். ஆவுல் பகீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாமின் மூன்றெழுத்துகளும் மூன்று மூதாதையர். வேல்ஸ் நாட்டுக்காரர் பறிகொடுத்த சங்கிலியைத் தமிழர் எழுத்தாகச் சுருக்கிக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்றே சொல்லவேண்டும். இந்த இனிஷியல் பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு மட்டுமே. மகன் அப்பனுடைய பெயரைச் சுமப்பான், பேரன் சுமக்கமாட்டான்.

பட்டத்தை வெட்டியது

இனிஷியல் முன்னால் நின்றது. சாதிப்பட்டம் பின்னால் நின்றது. வெள்ளைக்கார அதிகாரியின் கண்ணுக்கு முதலியார், பிள்ளை, நாயக்கர், ஐயர் எல்லாம் குடும்பப்பெயராகவே பட்டன. ஆனால் பிள்ளையும் முதலியும் ஒன்றுக்கு மேற்பட்ட சாதிகளுக்கு உரியவை. கணக்குப்பிள்ளை முதல் படைமுதலி வரை பதவியையும் மதிப்பையும் குறித்தவை. அந்த மதிப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஒடுக்கப்பட்டோரின் பெயருக்குப் பின்னால் பத்திரங்களில் வந்த சாதிச்சொல் பட்டமாக வரவில்லை, முத்திரையாக வந்தது.

1927 இறுதியில் ‘குடிஅரசு’ இதழ் தன் ஆசிரியர் பெயரிலிருந்த ‘நாயக்கர்’ என்பதை நீக்கியது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப்பட்டங்களை விட்டுவிடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டு தீர்மானம் போட்டது. உலகின் பல நாடுகள் சட்டம் போட்டுக் குடும்பப்பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், தமிழகத்தில் ஓர் இயக்கம் சட்டத்தின் துணையின்றிப் பின்னொட்டை வெட்டச் சொன்னது. இரண்டு தலைமுறைக்குள் பொதுவாழ்வில் அது பெருமளவு நடந்தேறியது. பெயரைக் கேட்டதும் சாதி தெரிந்துவிடும் பல வட இந்திய மாநிலங்களோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். பெயரிலிருந்து போனதால் சாதி ஊரிலிருந்து போய்விடவில்லை என்பதும் உண்மை. ஆயினும் தேர்வுத்தாளிலும், வேலை விண்ணப்பத்திலும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமும் சாதியைச் சொல்லாமலே பெயரைச் சொல்லமுடிவது சிறிய செய்தியல்ல.

கடல் கடந்ததும் உறைந்தவை

தமிழர் எல்லோரும் குடும்பப்பெயர் இல்லாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1530களில் கத்தோலிக்கரான முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துகீசியப் பெயர்களைப் பெற்றார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் பெர்னாண்டோ, கோமஸ், மச்சாடோ, வாஸ் என்பன கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டுக் குடும்பப்பெயர்கள். புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, இந்துச் சட்டத்தையோ முஸ்லிம் சட்டத்தையோ துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப்பெயர் சூடிக்கொள்ள வேண்டும். அவர்களின் தலைவரான வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ‘லாபோர்த்’ ஆனார். உரிமை வேண்டுமென்றால் பெயர் கொடு என்பதுதான் அங்கே பேரம்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறையை அடைந்தது. இத்தகைய ஒப்பந்தக் கூலிக் கப்பல்களின் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு என்று பத்திகள் இருந்தன. பின்னால் குடும்பப்பெயர் என்ற கட்டம் வந்தபோது, சாதிப் பத்தியிலும் பட்டத்திலும் இருந்தவை அங்கே நகர்ந்து குடிகொண்டன. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆகவும் முதலி ‘மூட்லி’ ஆகவும் நாயுடு ‘நாய்டூ’ ஆகவும் தென்னாப்பிரிக்காவின் பெயர்களாயின. தாயகத்தில் வெட்டப்பட்ட அதே பட்டங்கள் அங்கே தம் சாதிக்கூர்மை மழுங்கி, இந்திய வம்சாவளி என்ற ஒன்றையே பெரிதும் குறிக்கின்றன. மொரீஷியசில் தாத்தாவின் இயற்பெயரே பல குடும்பங்களுக்கு உறைந்து நின்றது. மலேசியாவிலோ மலாய் மொழியில் ‘இன்னார் மகன்’, ‘இன்னார் மகள்’ என்பதன் சுருக்கமான ஏ/எல், ஏ/பி என்ற குறிகள் நடுவில் நின்றதால் தமிழ்ப்பெயர் தன் பழைய அமைப்பைக் குலைக்காமல் தப்பியது. ஒரே மக்கள், ஒரே காலம், பெயரின் கதி மட்டும் மூன்று விதம். பதிவேட்டின் கட்டங்கள் எப்படி இருந்தனவோ, பெயரும் அப்படி ஆயிற்று.

பெண்ணின் பெயர் யாருடையது?

குடும்பப்பெயர் என்றால் நடைமுறையில் ஆணின் பெயர். இதுவும் பழமை என்று சொல்லப்படுகிறது. ஏடுகள் வேறு சொல்கின்றன. ஜப்பான் அரசு 1876இல் பிறப்பித்த ஆணைப்படி மணமான பெண் பிறந்த வீட்டுப் பெயரையே தாங்கவேண்டும். 1898 குடிமைச் சட்டம்தான் அதை மாற்றிக் குடும்பம் முழுவதற்கும் ஒரே பெயர் என்றாக்கியது. கணவன் மனைவி இருவரில் எவர் பெயரும் இருக்கலாம் என்று இன்றைய சட்டம் சொன்னாலும், மாற்றிக்கொள்பவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு பெண்கள். 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் அந்த விதியை உறுதி செய்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்திலோ 1981 முதல் பெண் தன் பிறப்புப்பெயரிலேயே குடிமை உரிமைகளைப் பயன்படுத்துகிறாள். தமிழ்ப்பெண்ணுக்குப் பெயர் மாறுவதில்லை, இனிஷியல் மாறுகிறது. தந்தையின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வருகிறது. தாயின் எழுத்தையும் பிள்ளைக்குச் சேர்க்கும் வழக்கம் மெல்லப் பரவுகிறது. இனிஷியல் ஒரு தலைமுறைக்கே உரியது என்பதால் இந்த மாற்றத்தை அது எளிதாகத் தாங்கும். நூற்றாண்டுகளாக உறைந்த குடும்பப்பெயருக்கு அந்த நெகிழ்வு இல்லை.

இனி அந்தக் கட்டம் எதற்கு?

இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கு ஒரு வரி, இயற்பெயருக்கு ஒரு வரி. தமிழர் சிலர் தந்தை பெயரை முதல் வரியில் இடுகிறார்கள். சிலர் வெறுமையாக விடுகிறார்கள். வெறுமையாக விட்டவரின் ஒற்றைப்பெயரை அமெரிக்க விசா குடும்பப்பெயராக்கி, ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்ற குறியை முன்னால் போடுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் கடவுச்சீட்டில் ஒற்றைப்பெயர் மட்டும் உள்ளோரின் சுற்றுலா வருகையைத் தடுத்தது. தந்தை பெயர் உள்ளே இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தியது. நால்வர் உள்ள வீட்டில் தந்தைக்குத் தாத்தா பெயர், தாய்க்குக் கணவரின் பெயர் அல்லது அவள் அப்பாவின் பெயர், பிள்ளைகளுக்குத் தந்தை பெயர். குடியேற்ற மேசைக்கு இது ஒரே குடும்பமாகத் தெரிவதில்லை.

கனடாவிலும் பிரான்சிலும் பிரிட்டனிலும் பிறக்கும் தமிழ்ப்பிள்ளைகளுக்கு இதன் அடுத்த கட்டம் நடந்துகொண்டிருக்கிறது. புலம்பெயர்ந்த ஒருவரின் இயற்பெயர் மகனுக்குக் குடும்பப்பெயராகிறது. அவன் பிள்ளைக்கும் அதுவே என்று நின்றுவிடுகிறது. கொல்லர் மகனுக்கு 14ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது முருகேசனின் பேரப்பிள்ளைகளுக்கு நம் கண்முன்னால் நேர்கிறது. ஏட்டுச்சுவடிகளில் வரலாற்றறிஞர்கள் தேடும் ஒரு நிகழ்வை நாம் உயிரோடு பார்க்கிறோம்.

இது தவிர்க்கமுடியாத வளர்ச்சி என்று எண்ணுவோருக்கு ஐஸ்லாந்து ஒரு மறுப்பு. அங்கே மகனுக்குத் தந்தை பெயரோடு ‘சோன்’, மகளுக்கு ‘டோட்டிர்’. தாய் பெயரையும் அப்படிச் சேர்க்கலாம். புதிய குடும்பப்பெயர் சூடுவதை 1925 சட்டம் நிறுத்தியது. தொலைபேசிப் புத்தகத்தை இயற்பெயரின் அகரவரிசையில் அச்சிட்டார்கள். செல்வமும் நிர்வாகச் சீரும் மிக்க அந்த நாட்டில் குடும்பப்பெயர் இல்லாததால் வரி நிற்கவில்லை, சொத்துரிமை குழம்பவில்லை. ஆளை அடையாளம் காட்ட ஒவ்வொருவருக்கும் பத்திலக்க எண் இருக்கிறது. நமக்கும் பன்னிரண்டு இலக்க ஆதார் எண் இருக்கிறது. கருவிழியும் கைரேகையும் பதிந்திருக்கின்றன. கிளாவெரியா அறுபதாயிரம் சொற்களைத் தேடித் தொகுத்துச் செய்யமுயன்ற வேலையை இன்று ஓர் எண் பிழையில்லாமல் செய்கிறது.

அப்படியானால், குடும்பப்பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் கட்டத்துக்கு நிர்வாகக் காரணம் எதுவும் மிச்சமில்லை. பழக்கம் மட்டுமே மிச்சம். விரும்புகிறவர்கள் தங்கள் குடும்பப்பெயரை வைத்துக்கொள்ளட்டும். அதில் நினைவும் பெருமையும் உண்டு. ஆனால் முழுப்பெயருக்கு ஒரு வரி, எப்படி அழைக்கவேண்டும் என்பதற்கு ஒரு வரி என்று படிவத்தை மாற்றுவது ஓர் அரசாணையில் முடியும் காரியம். அதைச் செய்யாமல், சாதிப்பட்டத்தை உதறிய ஒரு சமூகத்திடம் அதன் பெயரில் ஏதோ குறை இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருப்பது, ஏட்டின் வசதிக்கு மனிதரை வெட்டி ஒட்டிய பழைய கவர்னர்களின் வேலையையே தொடர்வதாகும்.